கிலோவுக்கு நூறு: ஓட்டோ ஹாய்ப்னர் போட்ட கணக்கு

பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பால் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "கிலோவுக்கு 150 மில்லி" என்பார்கள். பிறந்து ஒரு வாரம் தாண்டிய, நோய்நொடி இல்லாத குழந்தைக்கு இதுதான் வாய்ப்பாடு. நான்கு கிலோ என்றால் 600 மில்லி, எட்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 75. சரி, இந்த 150 எங்கிருந்து வந்தது? தாய்ப்பால் 100 மில்லியில் ஏறக்குறைய 67 கிலோகலோரி இருக்கிறது. 150 மில்லியில் நூறு. பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த நூறைத்தான். அதைக் கண்ணாடிக் குடுவை, தராசு, பேரைட்டா நீர் (பேரியம் ஹைட்ராக்சைடு கரைசல்) எல்லாம் வைத்து அளந்து எழுதியவர்கள் இருவர். ஒருவர் உடலியங்கியல் அறிஞர் மாக்ஸ் ரூப்னர். மற்றவர் குழந்தை மருத்துவர் ஓட்டோ ஹாய்ப்னர்.

ஹாய்ப்னர் 1843 ஜனவரியில் ஜெர்மனியில் சாக்சனியின் மூல்ட்ரோஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர், அரசியல்வாதி. 1849இல் டிரெஸ்டன் நகரில் நடந்த மே எழுச்சியில் தற்காலிக அரசில் இடம்பெற்றவர். எழுச்சி அடக்கப்பட்டதும் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகி, 1859 வரை வால்ட்ஹைம் சிறையில் இருந்தார். மகன் லைப்ட்சிக்கில் மருத்துவம் படித்து, கார்ல் வுண்டர்லிஷிடம் உதவியாளரானார். நோயாளிக்குத் தவறாமல் காய்ச்சல்மானி வைத்து, வெப்பநிலையை வரைபடமாகப் போடும் பழக்கத்தை நிலைநாட்டியவர் வுண்டர்லிஷ். "எதையும் அளந்து பார், எழுதி வை" என்ற பிடிவாதம் ஹாய்ப்னருக்கு அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அன்றைய நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். 1900ஐ ஒட்டிய ஜெர்மனியில் பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. கோடையில் சாவு எகிறும். காரணம் வயிற்றுப்போக்கு. செத்ததில் பெரும்பகுதி புட்டிப்பால் குடித்த குழந்தைகள். அப்படியிருந்தும் பல்கலைக்கழகங்களில் குழந்தை மருத்துவம் தனித் துறையாக மதிக்கப்படவில்லை. குழந்தை என்றால் சின்ன அளவு மனிதன், பொது மருத்துவரே பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய பேராசிரியர்கள் நினைத்தார்கள். 1894இல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் எடுவார்ட் ஹெனோக்கின் இடத்துக்கு ஹாய்ப்னர் வந்தபோது, முழுப் பேராசிரியர் பதவி தருவதை மருத்துவப் பீடமே எதிர்த்தது. கல்வி அமைச்சகத்தின் ஃப்ரீட்ரிஷ் ஆல்ட்ஹோஃப் விடாப்பிடியாக நின்று பதவியை வாங்கிக் கொடுத்தார். ஜெர்மனியில் குழந்தை மருத்துவத்துக்கு முழுப் பேராசிரியரானவர் ஹாய்ப்னர்தான் முதல் ஆள்.

ரூப்னர் அதே பெர்லினில் இருந்தது நல்லதாயிற்று. அவரிடம் சுவாச அறை ஒன்று இருந்தது. உள்ளே ஆளைப் படுக்க வைத்து, ஒரே சீராகக் காற்றை இழுத்து வெளியேற்றுவார்கள். வெளியேறும் காற்றில் ஒரு பங்கை மட்டும் பிரித்து பேரைட்டா நீருக்குள் விட்டால் கரியமில வாயு வெள்ளைப் படிவாக இறங்கும். அதை வைத்து, உள்ளே இருப்பவர் எவ்வளவு எரித்தார் என்று கணக்கிடலாம். நாய்களையும் பெரியவர்களையும் இப்படி அளந்தாயிற்று. தாய்ப்பால் குடிக்கும் இரண்டு மாதக் குழந்தையை அளப்பது வேறு பாடு. இதன் முடிவுகள் 1898இல் வெளிவந்தன.

கணக்கின் வரவுப் பக்கத்தில் பால். குழந்தை எவ்வளவு குடித்தது என்று தெரிய ஒரே வழி, பாலூட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது. கேட்கச் சுலபம், தவறவும் சுலபம். முன்னால் போட்டிருந்த அதே துணியோடுதான் பின்னாலும் எடை போட வேண்டும். நடுவில் நனைந்துவிட்டது என்று துணியை மாற்றிவிட்டால் அந்த வேளைக் கணக்கு போயிற்று. தராசு ஐந்து கிராம் வித்தியாசத்தையாவது காட்ட வேண்டும். ஒரு வேளையை மட்டும் அளந்து எட்டால் பெருக்குவதும் தப்பு. காலை முதல் வேளையில் நிறையக் குடித்து மாலையில் பாதிகூடக் குடிக்காத குழந்தைகள் ஏராளம், அதனால் 24 மணி நேரத்து வேளைகள் அத்தனையும் எடை போடப்பட வேண்டும். இந்த விதிகள் இன்றும் அப்படியே செல்லும்.

செலவுப் பக்கம் இன்னும் சிக்கல். மூத்திரம், மலம், மூச்சு மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். மூத்திரம் துணியில் கசிந்தால், புரதச் செலவைக் காட்டும் நைட்ரஜன் கணக்கு விழும். குழந்தை வீரிட்டு அழுதால் கரியமில வாயு ஏறும், அன்றைய எண் அந்தக் குழந்தையின் இயல்பான எண் ஆகாது. இத்தனை தொல்லைக்குப் பிறகு கையில் வந்தது உடல் எடையோடு ஒப்பிட்ட ஓர் எண். ஹாய்ப்னர் அதற்கு ஆற்றல் ஈவு என்று பெயர் வைத்தார். ஒரு நாளில் குழந்தைக்குக் கிடைத்த கிலோகலோரியை அதன் எடையால் வகுத்தால் வருவது. முதல் மூன்று மாதங்களுக்குச் சுமார் 100, அடுத்த மூன்றுக்கு 90, பிறகு 80. எழுபதுக்குக் கீழே போனால் குழந்தை எடை போடாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதோடு சரி.

இந்த எண் வந்ததும் என்ன மாறியது என்று புரிய, அதற்கு முன் புட்டிப்பால் எப்படிக் கலக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பசும்பாலில் கேசின் என்ற புரதம் அதிகம், அதுதான் குழந்தை வயிற்றுக்கு விஷம் என்றார் குழந்தை மருத்துவர் ஃபிலிப் பீடர்ட். அதனால் தண்ணீர் ஊற்று, மேலும் ஊற்று என்பதே வழக்கம். சின்னக் குழந்தைக்கு ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர். இப்போது கணக்குப் போடுங்கள். பசும்பால் லிட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோகலோரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் கலவையில் லிட்டருக்கு 217. ஐந்து கிலோ குழந்தைக்கு 500 கிலோகலோரி வேண்டும். அது குடித்தாக வேண்டியது இரண்டே கால் லிட்டருக்கும் மேல்! எந்தக் குழந்தை குடிக்கும்? குடித்த அளவில் வயிறு முட்டும், துணி நனைந்துகொண்டே இருக்கும், எடை மட்டும் ஏறாது. எடை ஏறாததைப் பார்த்து, "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டினியை அஜீரணம் என்று நினைத்துப் பட்டினியையே மருந்தாகக் கொடுத்தது போல.

லைப்ட்சிக் சுகாதாரப் பேராசிரியர் ஃப்ரான்ஸ் ஹோஃப்மனும் ஹாய்ப்னரும் சேர்ந்து வகுத்த கலவை வேறு மாதிரி. பால் ஒரு பங்கு, 6.9 சதவீதப் பால்சர்க்கரைக் கரைசல் ஒரு பங்கு. தண்ணீர் சேர்த்ததால் குறைந்துபோன ஆற்றலின் ஒரு பகுதியைச் சர்க்கரை ஈடுகட்டும். அரை லிட்டர் பாலில் 325, அரை லிட்டர் கரைசலில் உள்ள 34 கிராம் சொச்சம் சர்க்கரையில் ஏறத்தாழ 140, மொத்தம் லிட்டருக்கு 465. அதே ஐந்து கிலோ குழந்தைக்கு இப்போது ஒரு லிட்டருக்குச் சற்று மேல் போதும். அதுவும் அதிகம்தான், கிலோவுக்கு 200 மில்லியைத் தாண்டுகிறது. ஆனாலும் குடிக்கக்கூடிய அளவு. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பசும்பால் கலக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுத்தால் இரும்புச்சத்துக் குறையும், சிறுநீரகத்துக்கு உப்புச் சுமை ஏறும். அன்று வேறு வழி இல்லை.)

ஈவை வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடிப் பெருக்கியவர்களும் உண்டு. அங்கேதான் அடி விழும். இளைத்துப் போன குழந்தைக்கு அதன் இப்போதைய எடையை வைத்து நூறு கொடுத்தால் போதாது. மூன்று கிலோவுக்கு வற்றிய ஆறு மாதக் குழந்தைக்கு 300 கிலோகலோரி என்பது பிழைத்திருக்க மட்டுமே போதும், விட்டதைப் பிடிக்க அதற்குமேல் வேண்டும். ரூப்னரும் ஹாய்ப்னருமே 1899இல், புட்டிப்பால் குடிக்கும் நலமான குழந்தையையும் வற்றிப்போன குழந்தையையும் தனியாக அளந்து வெளியிட்டார்கள்.

பால் கெடாமல் இருப்பது இன்னொரு பிரச்சினை. 1886இல் வேளாண் வேதியியலாளர் ஃப்ரான்ஸ் சாக்ஸ்லெட் ஓர் எளிய சாதனம் கொண்டுவந்தார். ஒரு நாளுக்கான பாலைக் காலையிலேயே கலந்து வேளைக்கு ஒன்றாகச் சின்னப் புட்டிகளில் ஊற்ற வேண்டும். வாயின் மேல் தட்டையான ரப்பர் வில்லை, வழுக்கிவிடாமல் அதன் மேல் உலோக மூடி. எல்லாவற்றையும் தாங்கியில் வைத்து, தண்ணீர்ப் பானையில் இறக்கி, முக்கால் மணி நேரம் வரை கொதிக்க விட வேண்டும். கொதிக்கும்போது உள்ளே உள்ள காற்று வில்லையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி வில்லை நடுவில் குழிந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குழிதான் அடையாளம். ஆறிய பிறகும் வில்லை தட்டையாக இருந்தால் அடைப்பு பிடிக்கவில்லை, அந்தப் புட்டியைக் கொடுக்கக் கூடாது. திறந்த புட்டியில் மீந்த பாலையும் அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. எந்த நுண்ணுயிர் என்று தெரிந்துகொள்ளாமலே, பார்த்த மாத்திரத்தில் நல்லது கெட்டது சொல்லும் ஒரு ரப்பர் வில்லை. இதைவிட நல்ல சமையலறைக் கருவி அந்தக் காலத்தில் வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நெடுநேரக் கொதி வேறொரு வம்பை இழுத்து வந்தது. காய்ச்சிய பாலும் மாவு உணவும் மட்டுமே கொடுத்து வளர்த்த குழந்தைகள் அரை வயதைத் தாண்டியதும் காலை அசைக்காமல் தவளை போல மடக்கிக்கொண்டு கிடப்பார்கள். தூக்கினால் அலறல். தொடை எலும்பின் மேலுறைக்கு அடியில் இரத்தம் கசிந்திருக்கும். பல் முளைத்திருந்தால் அதைச் சுற்றி ஈறு நீலம் பாரித்து வீங்கும், பல் முளைக்காத இடத்தில் ஈறு சாதாரணமாகவே இருக்கும். பல்லே இல்லாத குழந்தையிடம் ஈறைத் தேடி ஏமாந்து, முடக்குவாதம் என்றோ ரிக்கெட்ஸ் என்றோ எழுதிவிட்டவர்கள் உண்டு. 1883இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பார்லோ இதை ஸ்கர்வி (இன்று வைட்டமின் சி குறைபாடு என்கிறோம்) என்று காட்டியிருந்தார். ஜெர்மனியில் 1892இல் இதைப் பற்றி எழுதி மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஹாய்ப்னர் ஒருவர். மருந்து வெகு சாதாரணம்: காய்ச்சாத பால், எலுமிச்சைச் சாறு அல்லது ஆரஞ்சுச் சாறு, மசித்த உருளைக்கிழங்கு. சில நாட்களிலேயே வலி குறையும். வைட்டமின் சி என்ற பொருளைப் பிரித்தெடுக்க இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

இனி கைகள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைகள் வேறு நோயே இல்லாமலும் வற்றி வற்றிச் செத்தார்கள். காற்று சரியில்லை என்றார்கள் பலர். ஹாய்ப்னர் பார்த்தது செவிலியரின் கையை. ஒரு குழந்தைக்கு மலத்துணி மாற்றிய கை அடுத்த நிமிடம் இன்னொரு குழந்தையின் புட்டிக் காம்பைத் தொடுகிறது. வேலையை இரண்டாகப் பிரித்தார். துணி மாற்றுபவர் பாலைத் தொடக் கூடாது, பால் கொடுப்பவர் துணியைத் தொடக் கூடாது. கேட்பதற்கு அற்பமான ஏற்பாடு. இதற்கு இரட்டிப்பு ஆட்கள் வேண்டும் என்பதால் நிர்வாகங்களுக்கு எப்போதும் பிடிக்காத ஏற்பாடும்கூட. ஆள் குறைவான இரவு நேரத்தில்தான் இத்தகைய விதி முதலில் உடையும், எந்த வார்டிலும்.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கதையில் பெயரும் நோபல் பரிசும் எமில் ஃபோன் பெஹ்ரிங்குக்குப் போயின, நியாயம்தான். ஆனால் அந்த நோயின் நஞ்சை முறிக்கும் அவருடைய சீரத்தை நோயாளிக் குழந்தைகளுக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்த முக்கிய இடங்களில் ஒன்று ஹாய்ப்னரின் லைப்ட்சிக் குழந்தைகள் மருத்துவமனை, 1890களின் தொடக்கத்தில். 1895இல் அவர் அனுபவத்தைத் தனி நூலாக வெளியிட்டார். சீரம் வேலை செய்வது நேரத்தைப் பொறுத்தது. தொண்டையில் உள்ள கிருமி நஞ்சைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் மிதக்கும் நஞ்சைச் சீரம் கட்டிப் போடும். இதயத் தசையிலும் நரம்பிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட நஞ்சைப் பிரித்தெடுக்காது. அதனால் முதல் இரண்டு நாளில் கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும், நான்கு ஐந்து நாள் கழித்துக் கொடுத்தால் தொண்டைச் சவ்வு உரிந்து மூச்சு சீரான பிறகும் இதயம் நின்று போகலாம். "சீரம் போட்டும் செத்ததே" என்று அன்று எழுந்த சண்டைகள் பலவற்றில், எந்த நாளில் போட்டீர்கள் என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து வந்த பொருள் என்பதால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தடிப்பு, காய்ச்சல், மூட்டுவலி வருவதும் உண்டு. அதற்குச் சீர நோய் என்று பெயர் வைத்து 1905இல் விளக்கியவர்கள் ஃபோன் பிர்க்கேயும் ஷிக்கும்.

மற்றதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸை வைக்ஸெல்பாம் 1887இல் கண்டிருந்தார், ஆனால் பிணப் பரிசோதனையில். குவிங்கே 1891இல் அறிமுகப்படுத்திய முதுகுத்தண்டு ஊசியைப் பயன்படுத்தி, உயிரோடிருக்கும் குழந்தையின் தண்டுவட நீரிலிருந்து அதை 1896இல் எடுத்துக் காட்டியவர் ஹாய்ப்னர். 1909இல், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைகளுக்கு வரும் கடுமையான செரிமானக் குறைபாட்டைப் பற்றி எழுதினார். வயிறு உப்பி, கை கால் சூம்பி, வெளுத்த மலம் ஏராளமாகப் போகும் நோய். இன்று சீலியாக் என்கிறோம். கோதுமைதான் காரணம் என்று டச்சு மருத்துவர் டிக்கே காட்டும்வரை அதை ஹாய்ப்னர், ஹெர்ட்டர் இருவர் பெயராலும் அழைத்தார்கள். அதே 1909இல் கைக்குழந்தைச் சாவைத் தடுப்பதற்கென்றே ஷார்லட்டன்பர்கில் பேரரசி அவுகுஸ்டே விக்டோரியா பெயரில் ஒரு மருத்துவ இல்லம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அவரிடம் ஷாரிட்டேயில் உதவியாளராக இருந்த ஹைன்ரிஷ் ஃபிங்கல்ஸ்டைனைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஆசிரியர் கலோரியை எண்ணினார், மாணவர் கலோரி எதிலிருந்து வருகிறது என்று பார்த்தார். வயிற்றுப்போக்கில் சர்க்கரை குடலில் புளித்து நிலைமையை மோசமாக்குகிறது, புரதம் அல்ல குற்றவாளி என்பது அவர் வாதம். 1910இல் லுட்விக் மேயரோடு சேர்ந்து புரதப் பாலை வெளியிட்டார். செய்முறை: ஒரு லிட்டர் முழுப் பாலை 42 டிகிரிக்குச் சூடாக்கி, பாலைத் திரள வைக்கும் ரென்னெட் ஊற்றி அரை மணி வைத்தால் திரளும். துணியில் கட்டித் தொங்கவிட்டால் சர்க்கரை நிறைந்த தெளிவுநீர் வடிந்துவிடும். பிழியக் கூடாது. மிஞ்சிய திரளை அரை லிட்டர் தண்ணீர் விட்டு மெல்லிய சல்லடையில் நாலைந்து முறை தேய்த்து இறக்க வேண்டும். பிறகு அரை லிட்டர் மோர். கொதி வரும்வரை கடைந்துகொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் கட்டி கட்டியாகி அடியில் உட்காரும், புட்டிக் காம்பை அடைக்கும். பேதி நிற்கும், சரி. ஆனால் நின்ற சந்தோஷத்தில் அதையே வெறுமனே தொடர்ந்தால் குழந்தை இளைக்கும், ஏனென்றால் அதில் லிட்டருக்கு நானூறு கிலோகலோரிக்குமேல் தேறாது. அதனால் மெல்ல மால்ட்டோஸ் வகைச் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மறுபடியும் ஆசிரியரின் கணக்குக்கே வந்து சேர்ந்தாயிற்று. நாஜிகள் வந்த பிறகு யூதரான ஃபிங்கல்ஸ்டைன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1942இல் சிலியின் சாண்டியாகோவில் இறந்தார்.

ஹாய்ப்னர் 1913இல் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு அடால்பெர்ட் செர்னி வந்தார். 1926 அக்டோபரில் டிரெஸ்டனில் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்புகளை அடுத்த ஆண்டு வெளியிட்டவர் மருந்தியல் பேராசிரியரான மகன் வொல்ஃப்காங்.

குழந்தை வைத்தியத்துக்கு வருவதற்கு வெகு முன்னால், முப்பது வயதுகூட ஆகாதபோது, அவர் செய்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மேகநோய் (சிபிலிஸ்) மூளை இரத்தக் குழாய்களை எப்படித் தின்கிறது என்று ஆராயும்போது, இறந்தவர்களின் மூளைத் தமனிகள் ஒவ்வொன்றிலும் சாயத்தைச் செலுத்தி எந்தக் குழாய் எந்தப் பகுதிக்கு ஊட்டுகிறது என்று வரைபடம் போட்டார். முன் மூளைத் தமனியிலிருந்து கிளம்பி, வந்த வழியே பின்னோக்கித் திரும்பி மூளைக்குள் நுழையும் மெல்லிய கிளை ஒன்று 1872இல் அவர் கண்ணில் பட்டது. அது இன்றும் ஹாய்ப்னர் தமனிதான். குறைமாதக் குழந்தையின் மூளையில் எளிதில் உடைந்து இரத்தம் கசியும் முளைப்படலத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் அது. ஏழு மாதத்தில் பிறந்த குழந்தையின் உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைத்து முதல் வாரத்தில் மருத்துவர் தேடுவது அந்தப் படலத்தில் இரத்தக்கசிவின் அடையாளமாக வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்றுதான்.